முதல் பிரதியை எதில் எழுதுவது: நோட்டா, போனா, குரலா?

கதை எழுத ஆசைப்பட்டு வருகிற இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி, "நோட்டுல எழுதவாண்ணே, போன்லயே அடிச்சிரவா?" என்பதுதான். இப்போது மூன்றாவதாகக் குரல் தட்டச்சும் சேர்ந்திருக்கிறது. மூன்றிலும் எழுதிப் பார்த்திருக்கிறேன். மதுரைப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவர நினைக்கிறவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை.

முதலில் ஒரு பயிற்சி. விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய், பத்து நிமிடம் ஓரமாக நின்று காதில் விழுகிற பேச்சை மட்டும் எழுதுங்கள். மல்லிகை வாசம், கூட்டம், வெளிச்சம் எதுவும் வேண்டாம். நான் போனில் எழுதிய அன்று ஒரு வியாபாரி பக்கத்துக் கடைக்காரரிடம், "நேத்து வந்தவய்ங்க இன்னைக்கும் வந்தாய்ங்கன்னா அம்பது ரூவா கூடவே சொல்லு, எப்படியும் கொறச்சுத்தான் கேப்பாய்ங்க" என்றார். 'வந்தாய்ங்க' என்று அடிக்கும்போதே திரை 'வந்தாங்க' என்று எடுத்துக் கொடுத்தது. அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டேன். 'கேப்பாய்ங்க'வும் அப்படியே போனது. வீட்டுக்கு வந்து வாசித்தபோது எந்த ஊர்க்காரரும் பேசியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம்தான் கையில் இருந்தது. அந்த 'ய்'யோடு அவரும் போய்விட்டார். நோட்டு இப்படித் திருத்தாது. கேட்டதைக் கேட்டபடி வாங்கிக்கொள்ளும்.

நோட்டின் இன்னொரு பலம், கோடு போட்டு அடித்தது அங்கேயே கிடக்கும். என் நோட்டில் ஒரு பக்கத்தில் 'கிழவி அழுதாள்' என்று எழுதி அடித்திருக்கிறேன். அதன் மேல் 'முந்தானையை உதறினாள்', அதையும் அடித்திருக்கிறேன். கடைசியாக நின்றது, 'வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து எடுத்தாள்.' மூன்று மாதம் கழித்து வேறொரு கதையில், வேறொரு பெண்ணுக்கு, அந்த முந்தானை தேவைப்பட்டது. போனில் என்றால் அன்றைக்கே அழித்திருப்பேன்.

அதற்காகப் போனை ஒதுக்க முடியாது. பத்திரிகைகளுக்கு அனுப்பும் பிரதியை எப்படியும் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். நோட்டிலிருந்து பார்த்து அடிக்கும்போது வாக்கியம் தானாகவே இளைக்கும். அதுவே இரண்டாம் பிரதி. ஆனால் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்பேன். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் 'மதுரை'க்கு ம, த, உ, ர, ஐ என்று ஐந்து தட்டு போதும். ஆங்கில வழியில் 'mathurai' என்று எட்டுத் தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளியைத் தமிழ்99 தானே வைத்துக்கொள்ளும். முதல் சில நாள் விரல் தடுமாறும். அப்புறம் சொல் மனதில் தமிழாகவே எழுந்து தமிழாகவே இறங்கும். கதை எழுதுகிறவருக்கு வேகத்தைவிட அது பெரிய லாபம்.

மதுரை நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி அமைதியான இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு நோட்டோ போனோ, இரண்டும் ஒன்றுதான். குரலுக்கு அங்கே வேலை இல்லை.

குரல் தட்டச்சை நான் முதல் பிரதிக்குச் சொல்ல மாட்டேன். ல, ள, ழ மூன்றையும் அது குழப்புகிறது. 'அங்கிட்டு' என்றால் திணறுகிறது. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதும் அதற்குப் பிடிபடுவதில்லை. எழுத்தாக மாற்றாமல் வெறுமனே பதிவு செய்வது வேறு விஷயம். உரையாடல் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எதை எழுதுவது என்று தவிக்கிறவர்களுக்கு இரண்டு தூண்டுதல் தருகிறேன். ஒன்று நோட்டுக்கு. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. தன் பானை என்று பெயர் போடும் அளவுக்கு அந்த வீட்டில் என்ன தகராறு நடந்தது? பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள்.

இன்னொன்று பதிவுக்கு. வீட்டில் மூத்தவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒங்க கல்யாணத்துக்கு யாரு வரல?" வந்தவர்களைப் பற்றிக் கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும். என் அப்பத்தாவிடம் கேட்டேன். பதிவில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடுகிறது. அப்புறம், "எங்கண்ணன் வரலப்பா. வரப்புச் சண்டை" என்றாள். மறுபடியும் மின்விசிறி. "பந்தியில அவருக்கு எல போட்டு வச்சிருந்தோம்."