.405 வின்செஸ்டரா, .275 ரிக்பியா? கடலோர ஊரில் எந்த ரைபிள் நிற்கும்?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு லைசென்ஸில் மூன்று துப்பாக்கி என்றிருந்தது இரண்டானது. தாத்தா சொத்தாக வந்ததற்கும் அதே கணக்குதான். மிச்சத்தை ஒரு வருடத்துக்குள் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்பாவுக்கு எழுபது தாண்டியதும் என் பெயருக்கு மாறியிருந்தவை சரியாக மூன்று.

இரட்டைக்குழல் '12 bore' துப்பாக்கியில் கை வைக்க முடியாது. அதன் குழல்மேல் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று பொறித்திருக்கும். மவுண்ட் ரோடு கடிகாரக் கடை ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது என்பதை நண்பர்களுக்குக் காட்ட அப்பாவிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. ஆக, போட்டி இரண்டு ரைபிள்களுக்குள்.

அழகில் .405 தான் (அந்த எண் குழல் விட்டம், அங்குலத்தில்). 1895 மாடல் வின்செஸ்டர், ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. மற்ற பல லீவர் ரைபிள்களில் (விசைக்குக் கீழுள்ள கைப்பிடியைத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை) தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடக்கும். இதில் வயிற்றுப் பக்கம் ஒரு பெட்டி. லீவரைக் கீழே தள்ளினால் அந்தப் பெட்டிக்கடியில் இருக்கும் இயந்திரம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1909-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோனது இந்த வகை. அதைவிட நமக்கு நெருக்கம், சேலம், தர்மபுரிக் காடுகளில் அலைந்த வேட்டைக்காரர், எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் தோளில் கிடந்ததும் .405 தான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

.275 ரிக்பி அதன் பக்கத்தில் சாதுவாக இருக்கும். ஜெர்மன் 7x57 தோட்டாவுக்கு லண்டன் ரிக்பி கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்தான் .275. உள்ளே இருப்பது மௌசர் 98 இயந்திரம். இதற்கும் ஒரு பெரிய மனிதர் உண்டு: 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பி. பெருமையில் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எதற்கு அடி பலம் என்ற வாதம் 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததோடு முடிந்துபோனது. தோட்டா? இரண்டுக்குமே இங்கே யாரும் தயாரிப்பதில்லை. விடுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒன்றே ஒன்று: துடைப்பது.

வீடு திருவான்மியூர். பால்கனிக் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடித்தும் உரிகிறது. இந்தக் காற்றில் நூறு வயது இரும்பை வைத்திருக்கிறேன். போதாததற்கு அந்தக் காலத் தோட்டாக்களின் கேப் மருந்து (அடியில் இருந்து பற்றவைப்பது) எரிந்தால் குழலுக்குள் ஒருவகை உப்பு தங்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், எண்ணெய்க்குக் கரையாது. அதனால்தான் பழைய வேட்டைக்காரர்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு எண்ணெய் போட்டார்கள்.

ரிக்பியில் இடதுபக்கத் தடுப்பை விரலால் இழுத்தால், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் முழுசாகக் கையோடு வந்துவிடும். பின்பக்கமிருந்து குழல் வழியே ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கலாம், துடைக்கும் கம்பியையும் பின்பக்கமாகவே விடலாம். சேஃப்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் போல்டின் உள்பாகங்களையும் கையாலேயே திருகிக் கழற்றலாம். ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம்.

வின்செஸ்டரில் பின்வழி கிடையாது. குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமாகத்தான் கம்பி விட வேண்டும். கம்பி உரசி வாய் விளிம்பு தேய்ந்தால் குறி போச்சு. உள்ளே ஈரம் போய்விட்டதென்றால் ஸ்க்ரூ, பின், லீவர் என்று வரிசையாகப் பிரிக்க வேண்டும். முழுதாகப் பிரித்து மாட்டிய அனுபவம் எனக்கு இல்லை. பாதியில் பயந்து மூடியிருக்கிறேன். அந்த ஸ்க்ரூக்களின் பிளவு ஊசிபோல் ஒடுக்கம். வீட்டு டிரைவர் நழுவினால் தலை பிய்ந்துவிடும். சேகரிப்பவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது ஸ்க்ரூ தலையைத்தான். அது பிய்ந்திருந்தால் 'யாரோ திறந்திருக்கிறார்கள்' என்று அர்த்தம், ஒரிஜினல் என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும். எங்கள் வின்செஸ்டரில் பிய்ந்த தலைகள் மூன்று. இரண்டு தாத்தா காலத்தவை. மூன்றாவது நான்.

ஆகவே .405 டீலரிடம் போனது. மனசு கொஞ்சம் கனத்தது, மறைக்கவில்லை.

முடிவு சரி என்று 2024-இல் தெரிந்தது. தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், அது வழக்கம். அந்த முறை மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 முடிவு. சென்னையின் முழுக் கோடையும் ரிக்பி ஏதோ ஓர் இரும்பு அலமாரியில், அதன் தோல் உறைக்குள்ளேயே கிடந்தது. தோல் உறை ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும். உறையிலிருந்து உருவியெடுத்துக் கொடுக்க எனக்குத்தான் புத்தியில்லை. திரும்பி வந்தபோது போல்ட் கைப்பிடியில் செம்புள்ளிகள், வால்நட் கட்டையில் பூஞ்சை. ஒரே சாயங்காலத்தில், துணியும் எண்ணெயும் பொறுமையும் கொண்டு சரிசெய்தேன். குழலின் நீலம் (துருவுக்காக இரும்பில் ஏற்றும் நீல நிறம்) தேய்ந்து டிகாக்ஷன் நிறமான இடத்தைத் தொடவில்லை. பாலிஷ் போட்டு மறுபடி நீலம் ஏற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். பொறித்த எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், விலையும் கூடவே போகும். இப்போது உறை தனியாக, ரைபிள் தனியாக. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை அதைப் பழைய வாணலியில் போட்டு வறுத்து எடுப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை.

விற்பனை மதிப்பு பற்றி என் ஒரே ஒரு வியாபாரத்தை வைத்துப் பெரிதாகச் சொல்லக் கூடாது. லைசென்ஸும் ஆசையும் ஒரே ஆளிடம் சேர வேண்டும், அதற்கே மாதங்கள் பிடித்தன. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெரியவர் எடுத்துக்கொண்டார். கடல் காற்று இல்லாத ஊர், வின்செஸ்டருக்கு நல்லதுதான். போன வாரம் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, லீவர்கிட்ட இருக்கற ஸ்க்ரூவத் திருப்புனது யாருங்க?"

"தாத்தா காலத்து வேலைங்க ஐயா" என்றேன்.