வகுப்பறையா, விபிஎன் லேபா? ஒரு லினக்ஸ்காரனின் கணக்கு

ஊடுருவல் சோதனை (அனுமதியோடு ஹேக் செய்து ஓட்டை தேடுவது) கற்றுக்கொள்ள டர்பனில் ஐந்து நாள் வகுப்பு ஒன்றுக்கும், வீட்டிலிருந்தே விபிஎன் வழியாகச் செய்யும் ஆன்லைன் லேபுக்கும் பணம் கட்டிப் பார்த்துவிட்டேன். என்னைப் போலவே டெபியன் லினக்ஸை விட்டு நகராத மைத்துனன் ஒருவன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறான். எதில் சேரலாம் என்று கேட்டான். லேப்தான் என்றேன்.

பாடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என்மேப், பர்ப் சூட், மெட்டாஸ்ப்ளாய்ட் போன்ற ஹேக்கிங் கருவிகள் என இரண்டும் ஒரே பாதைதான். வகுப்பில் கை தூக்கினால் ஆள் வந்து பார்ப்பார். மதியம் பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த பிரெட்டில் குழம்பு) வேறு. சரி, அதெல்லாம் வகுப்புக்குச் சாதகம்.

ஆனால் வகுப்பில் நாம் தாக்கிப் பழகும் இலக்கு மெஷின்களையும் நம் லேப்டாப்பில்தான் ஓட்ட வேண்டும். பென்டிரைவில் மெய்நிகர் மெஷின்கள் அடங்கிய ஓவிஏ கோப்புகளைத் தந்து, அவற்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் திறந்தால் போதும் என்றார்கள். விண்டோஸ்காரர்களுக்குப் போதுமாகத்தான் இருந்தது. நான் முந்தின இரவுதான் அப்டேட் போட்டிருந்தேன். லினக்ஸின் மையமான கர்னல் புதிதானால், அதில் சேரும் விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். கம்பைல் ஆனாலும், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே கையொப்பம் பார்க்கும் பாதுகாப்பு) இருந்தால் கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் சேர்க்காது. வேறு வழியின்றி, மெய்நிகர் மெஷின் ஓட்டக் கர்னலோடே வரும் கேவிஎம்முக்குத் தாவினேன். ஓவிஏ வெறும் டார் கட்டுதான், பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தது. அதைப் பிரித்து, உள்ளிருந்த விஎம்டிகே டிஸ்க்கைக் கேவிஎம்முக்கேற்ற கியூகவ்2 வடிவம் ஆக்கினேன். அப்புறமும் விண்டோஸ் இலக்கு நீலத்திரையில் நின்றது, அதில் கேவிஎம் தந்த டிஸ்க்கைப் படிக்கும் விர்ட்டியோ டிரைவர் இல்லை. டிஸ்க்கை வழக்கமான சாட்டா இணைப்புக்கு மாற்றியதும் எழுந்தது. அதற்குள் அரை நாள் போச்சு.

லேபில் இந்தப் பாடே இல்லை. இலக்குகள் அவர்கள் சர்வரில். நம் பக்கம் ஓபன்விபிஎன் கோப்பு ஒன்று, கட்டளை ஒன்று. டன்0 என்ற விபிஎன் இணைப்பு வந்ததும் வேலையைத் தொடங்கலாம். அந்த டன் மாட்யூல் கர்னலோடு வருவது என்பதால் அப்டேட்டுக்குப் பயமில்லை. ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனங்களின் விண்டோஸ் கணக்குகளை நிர்வகிப்பது) பாடத்தில் பல விண்டோஸ் மெஷின்கள் சேர்ந்து ஓட வேண்டும். லேப்டாப்பிலேயே ஓட்டினால் என் 8 ஜிபி ராம் அதற்கு எங்கே தாங்கும்? நான் மணிக்கணக்கில் தவித்தது ஒரே இடத்தில்தான், அதுவும் என் தப்பு. இலக்கு மெஷின் நம்மை நோக்கித் திரும்ப இணையும் ரிவர்ஸ் ஷெல்லுக்கு டன்0 முகவரிக்குப் பதில் வைஃபை முகவரியைக் கொடுத்துவிட்டேன்.

2023 போல லோட்ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) திரும்பினால் கணக்கு மாறும். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஃபைபர் ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்திருக்கிறேன், இரண்டு மணி நேரம் தாங்குகிறது. இந்தத் துறைச் சான்றிதழான ஓஎஸ்சிபிக்கு ஆன்லைனில் எழுதும் தேர்வு 23 மணி 45 நிமிடம். நான் எழுதியதில்லை, அதனால் அதற்கு எவ்வளவு ஏற்பாடு போதும் என்று மைத்துனனுக்குச் சொல்ல முடியவில்லை. அவன் இன்வெர்ட்டர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.