மஜ்ஜை செல்லுக்கு என்ன ஊட்டுவது: கன்றின் சீரமா, தட்டணு லைசேட்டா?

சென்னை வியாசர்பாடியில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில், சிகிச்சைச் சோதனைகளுக்காக எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வளர்க்கிறோம். முதலில் எல்லோரையும் போலக் கன்றின் சீரத்தில்தான், அதாவது அதன் இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்தான் வளர்த்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மனிதத் தட்டணு லைசேட்டுக்கு, அதாவது இரத்தத் தட்டணுக்களை (பிளேட்லெட்) வெடிக்கவைத்து எடுக்கும் சாறுக்கு மாறினோம். மாறியது சரி என்றே நினைக்கிறேன்.

செல்லின் உணவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? மஜ்ஜையின் மோனோநியூக்ளியர் (ஒற்றை உருண்டைக் கரு கொண்ட) செல்களில் நமக்கு வேண்டிய ஸ்டெம் செல் பத்தாயிரத்துக்கு ஒன்று, சில சமயம் லட்சத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். எடையில் கிலோவுக்கு 20 லட்சம் செல் என்று மருத்துவர் கேட்டால், 60 கிலோ நோயாளிக்கு ஒரு தவணைக்கே 12 கோடி வேண்டும். அத்தனை பெருக்கமும் நாம் ஊட்டுவதை நம்பித்தான் நடக்கிறது.

விலையில் பெரிய வேறுபாடு இல்லை. இறக்குமதிச் சீரத்துக்குப் பணம் போகிறது, லைசேட்டுக்கு ஆள் உழைப்பு போகிறது. வேகத்தில் லைசேட் முந்துகிறது; சீரத்தில் பத்து நாளில் நிறைந்த ஃபிளாஸ்க், லைசேட்டில் ஒரு வாரத்தில் நிறைகிறது. 2006-இல் வகுக்கப்பட்ட அடையாளச் சோதனையில், அதாவது சிடி73, சிடி90, சிடி105 என்ற செல் மேற்பரப்புப் புரதங்கள் மூன்றும் 95 சதவீதச் செல்களிலாவது இருக்க வேண்டும் என்பதில், இரண்டிலும் வளர்ந்த செல்கள் தேறிவிட்டன.

சீரத்தின் மீது எனக்குள்ள பெரிய தயக்கம், கன்றின் புரதம் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பது. எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போவதில்லை. 10 கோடி செல்களோடு 7 முதல் 30 மில்லிகிராம் வரை அந்தப் புரதம் நோயாளிக்குள் போகலாம் என்று 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்காகச் சீரத்தை ஒதுக்கியே தீர வேண்டும் என்பதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த ரயான்சில் என்ற, சீரத்தில் வளர்த்த மஜ்ஜை செல் மருந்தை, மாடு, பன்றிப் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தரக்கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் விற்கிறார்கள். ஆனால் ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டிய சிகிச்சையில் அந்தப் புரதத்தைத் தவிர்க்க வழியிருந்தால் தவிர்க்கவே விரும்புகிறேன்.

இத்தனைக்கும் எங்களை மாற வைத்தது லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தொல்லை. சீரம் லாட்டுக்கு லாட் மாறும். புதிய லாட் வந்தால் மூன்று நான்கு கொடையாளர்களின் செல்களில் வளர்த்துப் பார்க்க வேண்டும். தேறினால் அதே லாட்டை மொத்தமாக வாங்கி உறையவைக்க வேண்டும். தீர்ந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. ஒருமுறை மாதிரிக் குப்பியில் நன்றாக வளர்ந்த செல்கள், வாங்கி வந்த பாட்டில்களில் மூன்றாம் பாஸேஜிலேயே (நிறைந்த ஃபிளாஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றும் சுற்று) தட்டையாகிப் பெருகாமல் நின்றுவிட்டன. விற்றவர்கள் லாட் எண் ஒன்றுதான் என்றார்கள். மஜ்ஜை தந்தவரிடம் இன்னொரு முறை ஊசி குத்தலாமா என்று கேட்கப் போன அன்றைக்கு எனக்கு வார்த்தையே வரவில்லை.

லைசேட்டில் அந்தக் கடிவாளம் நம் கையில் இருக்கிறது. தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரியில் அசைத்துக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாளுக்கு மேல் நோயாளிக்கு ஏற்ற முடியாது. எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகளைத் தாண்டிய அந்தக் காலாவதிப் பைகளை வாங்கி, உறையவைத்து, உருக்கி, மறுபடியும் உறையவைத்தால் தட்டணுக்கள் வெடித்து வளர்ச்சிக் காரணிகள் வெளியே வருகின்றன. பல கொடையாளர்களின் பைகளை ஒன்றாகக் கலப்பதால் ஒருவரின் குறை மற்றவரின் நிறையில் கரைந்துவிடுகிறது. ஒரு தொகுப்பைச் சோதித்துவிட்டால் மாதக்கணக்கில் கவலை இல்லை. இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இருப்பதால் வளர்ப்புத் திரவம் கூழாக உறையும்; அதைத் தடுக்கப் பலர் ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தைச் சேர்க்கிறார்கள். அது பன்றிக் குடலிலிருந்து வருவது. விலங்குப் புரதத்தை விட்டு வந்தவர்கள் இன்னொரு விலங்கிடம் போக வேண்டாம் என்று, நாங்கள் கால்சியம் குளோரைடு சேர்த்து முன்கூட்டியே உறையவைத்து, கட்டியை நீக்கிவிடுகிறோம்.

லைசேட்டின் பெருங்குறை மழைக்காலம். அக்டோபர் தொடங்கி டெங்கு ஏறினால் தட்டணு ஒவ்வொன்றும் நோயாளிக்கே போகும், போகத்தான் வேண்டும். காலாவதிப் பை கிடைக்காது. கிடைத்தாலும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பெட்டியோடு ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். சீரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே இனி ஆகஸ்டுக்குள் இரண்டு தொகுப்புகளைத் தயாரித்து, மின்தடை தாங்கும் இரு வேறு உறைபெட்டிகளில் பிரித்து வைக்கப்போகிறோம்.

இதெல்லாம் மஜ்ஜை செல்லுக்கு மட்டும், அதுவும் ஐந்தாம் பாஸேஜுக்கு உட்பட்டு நான் கண்டது. தொப்புள்கொடி செல்லையோ கொழுப்புத் திசுச் செல்லையோ நாங்கள் லைசேட்டில் வளர்த்ததில்லை. கொழுப்பாக மாறும் திறன் லைசேட்டில் சற்றுக் குறைவதுபோல் எங்கள் சாயப் பரிசோதனையில் இரண்டு முறை தெரிந்தது. இரண்டு முறையை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அதனால் பழைய சீரத்தில் ஆறு பாட்டிலை ஒப்பீட்டுக்காக இன்னும் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.