கிரிம்டார்க் ஃபியூச்சர்: புதிய கிளப்புக்கு ஏற்ற இலவச விதிநூல்

மேசைமேல் சிறு உருவங்களை நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் கிளப் எந்த விதிநூலை எடுக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் சொல்லக்கூடிய பெயர் கிரிம்டார்க் ஃபியூச்சர். ஒன் பேஜ் ரூல்ஸ் வெளியிடும் அறிவியல் புனைவுப் போர் விளையாட்டு இது. அடிப்படை விதிகளும் படைப் புத்தகங்களும் பிடிஎஃப் வடிவில் இலவசம். ஆர்மி ஃபோர்ஜ் என்ற இணையச் செயலியில் படைப் பட்டியலைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கும் காசு வேண்டாம். இலவசம் என்பதற்காக மட்டும் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரு மாலைக்குள் ஆட்டம் முடிந்துவிடும், முடியும்வரை இரண்டு பேருக்கும் கையில் வேலை இருக்கும். கிளப்புக்கு அதுதான் முக்கியம்.

இந்த வகை விளையாட்டில் பெரும்பாலோர் முதலில் கேள்விப்படுவது வார்ஹாமர் 40,000. அதன் எட்டாம் பதிப்பு 2017இல் வந்தது, ஒன்பதாவது 2020இல், பத்தாவது 2023இல். பதிப்பு மாறும்போதெல்லாம் புத்தகச் செலவும் சேர்ந்தே வரும். அதில் ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்தி, சுட்டு, தாக்கி முடித்த பிறகே அடுத்தவர் முறை. 2000 பாயிண்ட் (படையின் வலுவை அளக்கும் மதிப்பு) ஆட்டத்தில் எதிரில் இருப்பவர் அரை மணி நேரம் தற்காப்புப் பகடை மட்டும் உருட்டிக்கொண்டு நிற்க நேரிடும். கிரிம்டார்க் ஃபியூச்சரில் நீங்கள் ஒரு யூனிட்டை (ஒன்றாக இயங்கும் வீரர் குழு அல்லது ஒரு வண்டி) இயக்கினால் அடுத்து நான் ஒரு யூனிட்டை இயக்குவேன். புதியவர் சலித்துப்போய்க் கைப்பேசியை எடுக்க நேரமே இருக்காது.

விதியின் சாரம் இதுதான். ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு எண்கள்: குவாலிட்டி, டிஃபென்ஸ். தாக்குபவர் குவாலிட்டி எண்ணோ அதற்கு மேலோ உருட்டினால் அடி விழும். அடி வாங்குபவர் டிஃபென்ஸ் எண்ணோ அதற்கு மேலோ உருட்டினால் அதைத் தடுக்கலாம். எல்லாம் சாதாரண ஆறு முகப் பகடை. 1 எப்போதும் தோல்வி, 6 எப்போதும் வெற்றி. இயக்கப்படும் யூனிட்டுக்கு நான்கு வழிகள் உண்டு. நின்ற இடத்திலிருந்தே சுடலாம், 6 அங்குலம் நகர்ந்து சுடலாம், சுடாமல் 12 அங்குலம் ஓடலாம், அல்லது 12 அங்குலம் பாய்ந்து கைகலக்கலாம். நான்கு சுற்றில் ஆட்டம் முடிகிறது. மேசையில் மூன்று முதல் ஐந்து இலக்குக் குறிகள் இருக்கும், கடைசியில் அவற்றில் அதிகத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கு வெற்றி.

எண்களில் பார்த்தால் ஆட்டத்தின் குணம் தெரியும். குவாலிட்டி 4+ உள்ள பத்து வீரர்கள் ஆளுக்கு ஒரு குண்டு சுட்டால் சராசரியாக ஐந்து படும். எதிரியின் டிஃபென்ஸ் 5+ என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தடுப்பார், மூன்று பேருக்குச் சற்று மேல் விழுவார்கள். அதே எதிரி சுவருக்குப் பின்னால் இருந்தால் டிஃபென்ஸ் உருட்டலுக்கு ஒன்று கூடும், இழப்பு இரண்டரையாகக் குறையும். கவச வண்டிக்கு டிஃபென்ஸ் 2+ இருந்தால் அதே பத்து குண்டுகள் சராசரியாக ஒரு காயம்கூடத் தராது. கவசத்தைத் துளைக்கும், அதாவது எதிரியின் டிஃபென்ஸ் உருட்டலில் 4 குறைக்கும், ஏபி 4 ஆயுதம் வந்துவிட்டால் அந்த வண்டி 6 விழுந்தால்தான் தடுக்க முடியும். ஆகவே பட்டியல் போடும்போது சாதாரணத் துப்பாக்கிகளை மட்டும் குவிக்காமல் ஏபி உள்ள ஆயுதம் இரண்டு மூன்றாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் காலாட்படையோடு வரும் புதியவர் எதிர்ப்பக்கம் ஒரு டாங்கியைக் கண்டதும் செய்வதறியாது நிற்பது இதனால்தான்.

மன உறுதிச் சோதனையை வைத்தே ஆட்டத்தின் தந்திரம் முழுவதும் ஓடுகிறது. சூட்டில் அடிபட்டு ஒரு யூனிட் பாதியாகவோ அதற்குக் கீழோ வந்துவிட்டால் குவாலிட்டி எண்ணை உருட்டியாக வேண்டும். தோற்றால் அது கலங்கிய நிலைக்குப் போகும். கலங்கிய யூனிட் அடுத்த முறை இயக்கப்படும்போது எதுவும் செய்யாமல் நின்றுதான் தெளிய வேண்டும். அதுவரை இலக்கைப் பிடிக்கவும் முடியாது, எதிரி பிடிப்பதைத் தடுக்கவும் முடியாது. எனவே அந்தச் சுற்றில் இன்னும் இயங்காத யூனிட்டைச் சுடுவதுதான் லாபம்: அது கலங்கினால் அதன் முறையே வீணாகிவிடும். ஏற்கெனவே இயங்கி முடித்ததைச் சுட்டால் அதன் பலனை அடுத்த சுற்றில்தான் பார்க்கலாம். கைகலப்பில் கணக்கு இன்னும் கடுமை. குறைவாகக் காயப்படுத்திய பக்கம் சோதனை உருட்ட வேண்டும், பாதியாகிவிட்ட யூனிட் அதில் தோற்றால் மேசையை விட்டே ஓடிவிடும்.

இன்னொரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு சுற்றில் தன் யூனிட்டுகளை முதலில் இயக்கி முடித்தவர்தான் அடுத்த சுற்றைத் தொடங்குவார். ஐந்து வலுவான யூனிட் வைத்திருப்பவர் சீக்கிரம் முடிப்பார், அடுத்த சுற்றில் முந்திக்கொள்வார். பத்துச் சிறிய யூனிட் வைத்திருப்பவருக்குச் சுற்றின் முடிவில் எதிரி எதுவும் செய்ய முடியாத ஐந்து நகர்வுகள் மிஞ்சும். நான்காவது சுற்றில் அந்த நகர்வுகளைக் கொண்டு இலக்குகளை அள்ளிவிடலாம். இலக்குக் குறியிலிருந்து 3 அங்குலத்துக்குள் சுற்று முடிவில் உங்கள் யூனிட் மட்டும் இருந்தால் அது உங்களுடையது, அதன்பின் அங்கிருந்து நகர்ந்தாலும் கை மாறாது. ஆகவே இருபது பேரை ஒரே கூட்டமாக நிறுத்துவதைவிடப் பத்துப் பத்தாகப் பிரிப்பது பெரும்பாலும் நல்லது. சிறிய யூனிட்டை எதிரி எளிதில் பாதியாக்கிவிடலாம் என்ற விலை அதற்கு உண்டு.

இனி மேசை. இந்த விளையாட்டைப் பிடிக்கவில்லை என்று விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் வெறிச்சோடிய மேசையில் ஆடியவர்கள். வழக்கமான அளவு 6 அடிக்கு 4 அடி. நீண்ட விளிம்பிலிருந்து 12 அங்குலத்துக்குள் இருவரும் படையை நிறுத்துவார்கள். 48 அங்குலத்தில் இரண்டு பக்கமும் 12 போக நடுவில் இருப்பது 24 அங்குலம். சாதாரணத் துப்பாக்கியின் வீச்சும் அதே 24. தடுப்பு எதுவும் இல்லையென்றால் முதல் இயக்கத்திலேயே 6 அங்குலம் நகர்ந்து எதிரியின் முன்வரிசையைச் சுட்டுவிடலாம். கைகலப்புப் படையோ முதல் சுற்றில் ஓடி, இரண்டாவது சுற்றில்தான் பாய முடியும். அதற்குள் பாதிப் படை போயிருக்கும். இது விதியின் குறை அல்ல, மேசையின் குறை.

6க்கு 4 மேசைக்குக் குறைந்தது பன்னிரண்டு டெரெய்ன் துண்டுகள் (கட்டடம், காடு, சுவர் போன்ற நிலப்பரப்பு மாதிரிகள்) வையுங்கள். அவற்றில் குறைந்தது நான்கு பார்வையை முழுதாக மறைக்கும் கட்டடமாக இருக்க வேண்டும், அதிலும் இரண்டு மேசை நடுவில். நான்கு காடுகள்: உள்ளே இருப்பவரைப் பார்க்கலாம், ஊடுருவி அப்பால் பார்க்க முடியாது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். மீதி குட்டைச் சுவர்களும் சேற்று நிலமும். சேறு போன்ற கடின நிலத்தில் கால் வைத்தால் அந்த நகர்வு 6 அங்குலத்தைத் தாண்டாது, 12 அங்குலப் பாய்ச்சலும் பாதியாகிவிடும். அதனால் சேற்றை இலக்குக் குறிக்குப் பக்கத்தில் வைத்தால் ஆட்டம் சூடு பிடிக்கும், மூலையில் வைத்தால் வீண்.

டெரெய்னுக்காக வெளிநாட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. தெர்மோகோலை அறுத்துக் கட்டடமாக்கலாம். ஆனால் ஸ்ப்ரே பெயின்ட்டை நேரடியாக அடித்தால் அதிலிருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகாலும் அக்ரிலிக் பெயின்ட்டும் கலந்து இரண்டு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரஷ்ஷாலேயே வண்ணம் தீட்டுங்கள். அடிப்பலகைக்கு 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் போதும். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் அது அப்பளமாக வளையும், இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். மேசைக்கு 4 அடிக்கு 3 அடி பிளைவுட் இரண்டு இருந்தால் போதும், கிளப் முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம்.

மினியேச்சர் விஷயத்தில் இந்த விதிநூலுக்கு நிறுவன விசுவாசம் கிடையாது. 28 முதல் 32 மில்லிமீட்டர் அளவில் எந்த உருவமும் செல்லும். வார்ஹாமர் படை ஏற்கெனவே இருந்தால் அதற்கு இணையான புத்தகம் இருக்கிறது: ஸ்பேஸ் மரீனுக்குப் பேட்டில் பிரதர்ஸ், டைரனிட்களுக்கு ஏலியன் ஹைவ்ஸ், நெக்ரான்களுக்கு ரோபோட் லீஜியன்ஸ். ஒன்றுமே இல்லாதவர் அட்டையில் அச்சிட்ட உருவங்களை 25 மில்லிமீட்டர் வட்ட அடித்தட்டில் ஒட்டி ஆடலாம். கிளப்பில் ஒருவரிடம் ரெசின் பிரிண்டர் (திரவ ரெசினைக் கெட்டியாக்கி உருவம் எடுக்கும் 3டி பிரிண்டர்) இருந்தால் செலவு மிகவும் குறையும். அப்போது இரண்டு எச்சரிக்கை: கெட்டிப்படாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், நைட்ரைல் கையுறை கட்டாயம். சாதாரண ரெசினில் எடுத்த ஈட்டியும் வாளும் பையிலேயே முறிந்துவிடும், வளையும் தன்மையுள்ள ரெசினைக் கொஞ்சம் கலந்து எடுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு ஆளுக்கு 750 பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து யூனிட் வரும், விதி சொல்லிக்கொடுத்துக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். ஒரே யூனிட்டில் பாதிப் பாயிண்ட்டைப் போடுவதைத் தடுக்க, மொத்தத்தில் 35 சதவீதத்துக்கு மேல் ஒரு யூனிட்டுக்குப் போகக் கூடாது என்ற வரம்பை முதல் நாளே கடைப்பிடியுங்கள். ஆளுக்கு இருபது பகடை, ஓர் அங்குல டேப், இரண்டு வகை அடையாளங்கள் தேவை. இயங்கி முடித்ததற்குப் புளியங்கொட்டை, கலங்கியதற்குச் சோழி என்று வைத்தால் தூரத்திலிருந்தே வேறுபாடு தெரியும். அடையாளம் வைக்க மறப்பதால்தான் ஒரே யூனிட் ஒரு சுற்றில் இரண்டு முறை இயங்கும் தகராறு வருகிறது.

அடுத்து மறப்பது களைப்பு விதி. ஒரு சுற்றில் ஒருமுறை கைகலந்த யூனிட், தாக்கியிருந்தாலும் திருப்பி அடித்திருந்தாலும், அதன்பின் அந்தச் சுற்று முடியும்வரை 6 விழுந்தால்தான் அடிக்க முடியும். இதை விட்டுவிட்டால் ஒரு பெரிய அரக்கன் தன்மேல் பாயும் மூன்று யூனிட்டையும் முழு பலத்தோடு திருப்பி அடித்து ஆட்டத்தையே சாய்த்துவிடும். இந்த விதி இருப்பதால்தான் சிறிய யூனிட் ஒன்றை முதலில் பலிகொடுத்து அரக்கனைக் களைப்பாக்கி, பிறகு வலுவான யூனிட்டை ஏவ முடிகிறது. யூனிட்டுக்குள் ஒவ்வொரு உருவமும் இன்னொன்றிலிருந்து 1 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும், பாயாதபோது எதிரியிடமிருந்து 1 அங்குலம் விலகி நிற்க வேண்டும் என்பதும் அடிக்கடி நழுவும் விதிகள்.

குறைகளும் உண்டு. இரண்டே எண்களில் எல்லாவற்றையும் அடக்குவதால் படைகளுக்கிடையே வேறுபாடு மெல்லியது. நீண்ட வரலாறும் தனித்தனிக் குணமும் உள்ள படைகளை விரும்பி வார்ஹாமருக்குள் வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும், அவர்களை வற்புறுத்த வேண்டாம். படைப் புத்தகத்தின் யூனிட் பட்டியலில் சிறப்பு விதிகளின் பெயர் மட்டும் வரும், விளக்கத்தை வேறு பக்கத்தில் தேட வேண்டும். டஃப், பிளாஸ்ட், டெட்லி மூன்றையும் முதலிலேயே படித்துவைத்தால் முக்கால்வாசித் தேடல் மிச்சம். பிளாஸ்ட் 3 என்றால் ஓர் அடி மூன்றாகும், ஆனால் எதிரி யூனிட்டில் இருக்கும் தலைகளுக்கு மேல் போகாது. தனி டாங்கிமேல் பிளாஸ்ட் ஆயுதத்தை வீணாக்குவது அந்த வரியைப் படிக்காதவர்கள்தான்.

இடம் போதாத கிளப்புக்கு இதே நிறுவனத்தின் ஃபயர்ஃபைட் இருக்கிறது. யூனிட்டுகளுக்குப் பதில் தனி வீரர்கள், ஆளுக்கு ஐந்து முதல் பத்து உருவம், 4 அடிச் சதுர மேசை. மந்திரமும் வாளும் வேண்டுமென்றால் ஏஜ் ஆஃப் ஃபேன்டசி. இரண்டிலும் விதிகளின் அடிப்படை ஒன்றே, ஒன்றைக் கற்றால் மற்றதற்குச் சில நிமிடம் போதும்.

கிளப் அளவில் உண்மையான தொல்லை புதுப்பிப்புகள். படைப் புத்தகங்களும் பாயிண்ட்களும் அவ்வப்போது மாறும், போன மாதம் அச்சிட்ட பட்டியல் இந்த மாதம் 40 பாயிண்ட் கூடியிருக்கலாம். தொடர் போட்டி நடத்துவதாக இருந்தால் முதல் நாளன்று உள்ள விதிநூலையும் படைப் புத்தகங்களையும் பிடிஎஃப்பாக இறக்கி, கிளப் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். போட்டி முடியும்வரை அந்தக் கோப்புகளே செல்லும், அதற்குள் வரும் புதுப்பிப்பு அடுத்த போட்டிக்குத்தான் என்று அறிவித்துவிடுங்கள்.