நிலா கார்டைக் காட்டி 30,001 ரூபாய்: டாரட் பார்க்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

மொத்தம் 30,001 ரூபாய் போனது. அதைக்கூட தைத்துச் சம்பாதித்துவிடலாம். மூன்று மாதம் என் ஓரகத்தி முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஈரோட்டில் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் உண்டு. தீபாவளிக்கு அப்புறம் கொஞ்சம் சுணங்கும், முகூர்த்த நாள் வந்தால் சரியாகிவிடும். போன வருஷம் கார்த்திகையும் வெறுமையாகப் போனது, தையும் அப்படியே. வருஷக் கணக்காக வந்துகொண்டிருந்த மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ராத்திரி தூக்கம் வராமல் கிடந்த நேரத்தில் தோழி ஒருத்தி ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தை அனுப்பினாள். தமிழில் பேசும் டாரட் ரீடர், அதாவது படச் சீட்டைப் பார்த்துக் குறி சொல்கிறவர், ஒரு கேள்விக்கு 501 ரூபாய்.

ஜிபேயில் பணம் போனதும் வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. முகம் தெரியாது. ஊதா வெல்வெட் துணி விரித்த மேசையும் வளையல் போட்ட ஒரு கையும் மட்டும்தான். எப்போது கலைத்தார், எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை, கேமரா திரும்பும்போதே மூன்று கார்டுகள் மேசையில் இருந்தன. நடுவில் நிலா.

"மேம், இது சாதாரணமா யாருக்கும் வராது" என்றார். நிலாவைப் பார்த்துத் தலை தூக்கி நிற்கிற இரண்டு நாய்கள், என் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிற இரண்டு பேராம். கீழே குளத்திலிருந்து ஒரு தேள் ஏறி வருகிறதே, அது எனக்கு வைத்த செய்வினையாம். "வீட்டுக்குள்ளயே ஒரு பொம்பள இருக்காங்க. உங்களைவிட வயசு கூட. நல்லா சமைப்பாங்க."

ஒரே வீட்டில் நாலு பேர் சேர்ந்து வாழ்கிற இடத்தில் எவளுக்குத்தான் அப்படி ஒருத்தி இருக்க மாட்டாள்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. மாடியில் குடியிருக்கிற அக்கா, அதாவது என் ஓரகத்தி முகம்தான் நேராக வந்து நின்றது.

சந்திர பூஜை என்று 11,000 வாங்கினார். வீடியோ கேட்டேன், பார்த்தால் பலன் போய்விடும் என்றார். பத்து நாள் கழித்து, செய்வினைக் கட்டு இன்னும் உடையவில்லை, மூன்ஸ்டோன் பிரேஸ்லெட் போட்டே ஆக வேண்டும் என்று 18,500. கூரியரில் வந்ததை அப்புறம் நகை ஆசாரியிடம் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி மணி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் அக்கா எவர்சில்வர் தூக்கில் குழிப்பணியாரம் கொண்டுவந்தார். பையன் கையை நீட்டினான். அவனுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பின்பக்கம் போய் சாக்கடையில் கொட்டினேன். சூடே ஆறவில்லை. வெல்ல வாசம் ரொம்ப நேரம் கையிலேயே இருந்தது. தூக்கைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுப்பதில்லை, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அக்கா தூக்கைத் திறந்து பார்த்தார், மூடினார், மாடிக்குப் போய்விட்டார்.

மூன்றாவது முறை 35,000 கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டார். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு நீளமான மெசேஜ் அனுப்பினார். மேலே ‘ஃபார்வர்டட்’ என்று இருந்தது. நடுவில், "உங்க நாத்தனார் பெயரை வெள்ளைத் தாளில் எழுதி" என்று ஒரு வரி. எனக்கு நாத்தனாரே கிடையாது. என் வீட்டுக்காரர் கூடப் பிறந்தது அண்ணன் ஒருவர்தான். பக்கத்தை அனுப்பிய தோழிக்கு போன் போட்டேன். அவளுக்கும் நடுவில் நிலாதான் வந்ததாம், அதே இரண்டு நாய், அதே தேள். ஒரு டாரட் சீட்டுக்கட்டில் 78 கார்டுகள். நேர்மையாகக் கலைத்தால் குறிப்பிட்ட ஒரு கார்டு நடுவில் விழ 78இல் ஒரு வாய்ப்பு. யாருக்கும் வராது என்று சொன்ன கார்டு எங்கள் இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது.

அக்கா மகள் கோயம்புத்தூரில் டிசைன் படிக்கிறாள். படங்களுக்காகவே ஒரு டாரட் கட்டு வாங்கி வைத்திருக்கிறாள் என்று தெரியும். லீவுக்கு வந்தபோது விஷயத்தைச் சொல்லாமல் அந்தக் கார்டை மட்டும் கேட்டேன். எடுத்துக் கையில் கொடுத்தாள். முதல் வார்த்தையே, "சித்தி, இது தேள் இல்ல, நன்னீர் நண்டு மாதிரி ஒண்ணு. இறாலுக்கும் நண்டுக்கும் நடுவுல இருக்கும்." நிற்பது இரண்டு நாய்களும் இல்லை. ஒன்று வீட்டு நாய், இன்னொன்று ஓநாய். குளக்கரையிலிருந்து ஒரு ஒற்றையடிப் பாதை கிளம்பி, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே புகுந்து, தூரத்து மலை வரைக்கும் போகிறது. நிலாவுக்குள் கீழே பார்க்கிற ஒரு முகம், அதிலிருந்து துளித் துளியாக எதோ சொட்டுகிறது. அந்த நண்டைக் கடக ராசியோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு என்றாள். நம் ஜோதிடத்திலும் கடகம் சந்திரனின் சொந்த வீடுதானே, அதனால் எனக்கு அது சட்டென்று பிடிபட்டது.

அந்த ரீடர் கையில் இருந்ததும் இதே படம்தான். 1909இல் லண்டனில் வெளியான கட்டு இது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் சொன்னபடி பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தது. வெய்ட் இந்தப் பதினெட்டாம் எண் கார்டுக்கு எழுதி வைத்த பலன்களை அக்கா மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். மறைந்திருக்கும் எதிரி, அபாயம், அவதூறு, இருட்டு, திகில், ஏமாற்று, மாய சக்தி, பிழை. எதிரியும் மாய சக்தியும் அந்தப் பட்டியலில் இருக்கத்தான் செய்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் அதே வரியில் ஏமாற்றும் பிழையும் இருக்கின்றன. எனக்குச் சொன்னவர் அந்த இரண்டையும் தொடவே இல்லை.

படத்துக்கு வெய்ட் தரும் விளக்கம் இன்னும் வேறு. நிலா வெளிச்சம் இரவல் வெளிச்சம். அந்த அரைகுறை வெளிச்சத்தில் மனசுக்கு வருகிற பயம்தான் நாயும் ஓநாயும். குளத்திலிருந்து ஏறி வரப் பார்க்கிறது நமக்குள்ளேயே அடியில் கிடக்கும் பெயரில்லாத ஒன்று, பெரும்பாலும் அது வந்த வழியே திரும்ப முங்கிவிடும். மேலே இருக்கிற முகம் சொல்வது, அமைதியாக இரு என்பதுதான். யார் வீட்டுப் பெண்ணையும் அது கை காட்டவில்லை. தனியாக உட்கார்ந்து நான் அந்தக் கார்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓநாய் மாதிரி ஊளையிட்டது எனக்குள் இருந்த பயம்தான்.

எகிப்தின் ஐயாயிரம் வருஷ வித்தை என்றும் அந்த ரீடர் சொல்லியிருந்தார். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக வந்த சீட்டு. அந்தக் காலத்து விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா என்ற சீட்டுக்கட்டின் நிலா கார்டில் நாயும் இல்லை, நண்டும் இல்லை, பிறையைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான். எகிப்துக் கதையை 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலான் என்பவர் எழுதிப் பரப்பினார். எகிப்திய எழுத்தை யாரும் படிக்கத் தெரிந்திராத காலம் அது. அதற்கு அப்புறம்தான் இது குறி சொல்கிற சீட்டாகப் பரவலானது. பூஜையும் பிரேஸ்லெட்டும் இதில் எங்கேயுமே கிடையாது. நம் ஊர் பயத்துக்கு ஏற்றபடி இவர்கள் ஒட்ட வைத்தது.

டாரட் பார்க்கிற எல்லோரையும் நான் சொல்லவில்லை. மனசைப் பேச வைக்க அந்தப் படங்கள் உதவுகின்றன என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கார்டைக் காட்டி ஒரு ஆளை அடையாளம் சொன்னாலோ, பரிகாரம் என்று அடுத்த தொகை கேட்டாலோ, அந்த நிமிஷமே போனை வைத்துவிடுங்கள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பணியாரத்தைக் கொட்டியது உட்பட. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏலக்காய் தூக்கலா இருந்துச்சோன்னு நினைச்சேன்" என்றார். இன்னும் பழைய மாதிரி ஆகவில்லை. ஆகும் என்று நம்புகிறேன்.

1930 எண்ணில் கூப்பிட்டு சைபர் கிரைம் புகார் கொடுத்தேன். பரிவர்த்தனை எண், அனுப்பிய தேதி, யுபிஐ ஐடி எல்லாம் கேட்டார்கள். பணம் இதுவரை திரும்பவில்லை. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது, நான் மூன்று மாதம் விட்டுவிட்டேன். சண்டை போடுவதற்கு முன்னால் சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் முதலில் சண்டை போட்டேன், ஐந்தே நிமிஷத்தில் பாதி மெசேஜ்களை அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார். அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, அதே ஊதாத் துணி, அதே வளையல் கை.