ஒரு பக்கம் பூட்டு, ஒரு பக்கம் தட்டை: ஷிமானோ இஎச் 500 பெடலோடு எட்டு மாதம்

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் நான் முதன்முதலில் தனியாகத் தூரம் போனேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அன்றிலிருந்து சைக்கிளில் ஏறினால் மனதுக்கு ஒரு தைரியம் உண்டு: என்ன ஆனாலும் காலை ஊன்றிக்கொள்ளலாம். நாய் குறுக்கே வந்தாலும் கால், பஸ் ஓரங்கட்டினாலும் கால், சகதியில் சக்கரம் வழுக்கினாலும் கால். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொண்டு ஓட்டுவது என்று முடிவு செய்தபோது நான் விட வேண்டியிருந்தது அந்தத் தைரியத்தைத்தான். எட்டு மாதம் ஆகிவிட்டது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாயிற்று. இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வாங்கியது ஷிமானோவின் பிடி-இஎச் 500. ஒரு பக்கம் சாதாரணத் தட்டைப் பெடல்; செருப்போ ஷூவோ வழுக்காமல் இருக்க அதில் சின்னச் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். புரட்டினால் மறு பக்கத்தில் எஸ்பிடி பூட்டு, அதாவது ஷூவைப் பெடலோடு பிடித்துக்கொள்ளும் ஷிமானோவின் முறை. ஜோடி 380 கிராம் பக்கம் வரும். அந்தப் பூட்டில் மாட்டிக்கொள்ள ஷூவுக்கு அடியில் பொருத்தும் சின்ன உலோகத் துண்டுக்கு க்ளீட் என்று பெயர்; அது பெட்டியிலேயே வந்துவிடுகிறது. ஷூ தனிச் செலவு. இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஒரு மாதச் சீட்டுப் பணம் போனது.

இந்த வகைக்கு க்ளிப்லெஸ் பெடல் என்று பெயர். காலை இப்படிப் பூட்டி வைக்கிற ஒன்றுக்கு ஏன் க்ளிப் இல்லாதது என்று பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் குழப்பமாக இருந்தது. முன்பு பந்தய சைக்கிள்களில் பெடலின் முன்னால் ஒரு கூடு இருக்கும். விரல் பக்கத்தை அதற்குள் நுழைத்து வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூடுதான் டோ க்ளிப். அது போய்விட்டதால் க்ளிப்லெஸ். பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸைப் பூட்டும் கருவி செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984இல் அதே வழியைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸை வென்றார். ஷிமானோவின் எஸ்பிடி 1990இல், மலைச் சைக்கிளுக்காக வந்தது. மலையில் பாதி வழி இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் இல்லையா, அதனால் இதன் க்ளீட் சின்னது, இரண்டே திருகாணி, ஷூவின் அடியில் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பந்தய ஷூக்களில் மூன்று திருகாணி போட்ட பெரிய க்ளீட் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் ஒரு டிபன் கடையின் ஈரமான டைல்ஸ் தரையில் அப்படிப்பட்ட ஷூவோடு ஒருவர் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்ததைப் பார்த்த அன்றே எனக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நான் ஓட்டப் போகிற இடமெல்லாம் நடுவில் இறங்கி நடக்கிற இடம்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் வருகிற ஒரு சார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். பெடல் பெட்டியைப் பிரித்ததும் அவர் முதலில் எடுத்துப் பார்த்தது பெடலை இல்லை, க்ளீட்டை.

"வெள்ளி நிறம்தானே? சரி, அப்ப நல்லது" என்றார்.

அதில் விஷயம் இருக்கிறது. எஸ்பிடியில் இரண்டு க்ளீட் பரவலாகக் கிடைக்கும். கறுப்பாக இருப்பது எஸ்எச் 51. குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் அது விடும். வெள்ளி நிறத்தில் இருப்பது எஸ்எச் 56. குதிகாலைத் திருப்பினாலும் விடும், பதறிப்போய்க் குதிகாலைச் சாய்வாக மேலே இழுத்தாலும் விடும். பதறுகிறவர்களுக்கு, அதாவது புதிதாகக் கற்கிற எல்லோருக்கும், இரண்டாவதுதான். இஎச் 500 பெட்டியில் வருவது 56. இந்தப் பெடலை நான் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

அடுத்து பூட்டின் இறுக்கம். பெடலில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, 3 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும். கழித்தல் குறிப் பக்கம் திருப்பத் திருப்ப ஒவ்வொரு கட்டமாக டிக் டிக் என்று கையில் தெரியும். இரண்டு பெடலிலும் எல்லை வரை தளர்த்திவிட்டோம். இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதில் சார் கறாராக இருந்தார். ஒரு கால் லேசாகவும் ஒரு கால் இறுக்கமாகவும் வந்தால் கால் எதையும் கற்றுக்கொள்ளாது என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

சென்னை பெருங்குடியில் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில், தூணைக் கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்தேன். முதல் மூன்று நாள் ஓட்டவே இல்லை. இடது கால் மாட்டு, கழற்று. மாட்டு, கழற்று. ஒரு காலுக்கு ஐம்பது தடவை. மாட்டுவது எளிது. க்ளீட்டின் மூக்கை முன்பக்கக் கொக்கியில் நுழைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கழற்றுவதில்தான் உடம்பு முரண்டு பிடிக்கிறது. இருபது வருடமாகக் காலை எடுப்பது என்றால் மேலே தூக்குவது. இங்கே தூக்கக் கூடாது, பாதத்தின் முன்பகுதி அப்படியே இருக்கக் குதிகால் மட்டும் வெளியே விலக வேண்டும். வெறுங்காலில் தரையில் நின்று, அணையாத பீடியை நசுக்குவது போலக் குதிகாலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார் சார். சமையல் செய்யும்போது அடுப்படியில் நின்றே அதைச் செய்துகொண்டிருந்தேன்.

நான்காவது நாள் பின்பக்கத்து மண் தரையில், இடது கால் மட்டும் தட்டைப் பக்கம், வலது கால் பூட்டில். இரண்டு பக்கமும் பூட்டாக இருக்கும் பெடலில் இப்படிச் செய்ய வசதி இல்லை. நமக்குச் சாலையின் இடது ஓரம்தான் கரை. நடைபாதை, மண், தடுப்புச் சுவர் எல்லாம் அந்தப் பக்கம். அதனால் ஊன்ற வேண்டியது இடது கால். வலது பூட்டியே இருக்கட்டும். ஆனால் ஒரு ஆபத்து, இடது காலைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கும் கணத்தில் சைக்கிள் வலப் பக்கம் சாய்ந்தால் பிடிக்க ஆளில்லை, அந்தப் பக்கம்தான் லாரி வரும். அதற்கு சார் சொல்லிக்கொடுத்த வழியை நான் இன்றுவரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்கிறேன். நிற்பதற்குச் சற்று முன்னால் ஹேண்டில்பாரைத் துளி வலப் பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் வலது போகும், உடம்பு தானாக இடது சாயும், கால் தரையைத் தேடாமலே தரை வந்துவிடும்.

"நிக்கும்போது கழட்டாதீங்கம்மா. நிக்கணும்னு நெனைக்கும்போதே கழட்டிடுங்க" என்றும் சொன்னார். கற்றுக்கொள்ள இருப்பது மொத்தமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. சிக்னலில் பச்சை விழுந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தால் நான் நூறு அடிக்கு முன்பே இடது காலை விடுவித்து, தட்டைப் பக்கத்தில் வைத்து மிதித்துக்கொண்டுதான் போகிறேன். மிதி கீழே இருக்கும்போது திருப்பினால் சுலபமாக வருகிறது.

இத்தனையும் செய்த பிறகும் விழுந்தேன். தவறு பெடலுடையது இல்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

க்ளீட்டை ஷூவில் பொருத்தித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரம், சோழிங்கநல்லூரிலிருந்து ஈசிஆரை, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் சாலையில், அக்கரை சிக்னலுக்கு முன்னால் எப்போதும் போல இடது குதிகாலைத் திருப்பினேன். ஷூ திரும்பியது. பெடல் விடவில்லை. மறுபடி திருப்பினேன், ஷூ இன்னும் அதிகமாகத் திரும்பியது, அடியில் ஏதோ அரைபட்டது. சைக்கிள் நின்றுவிட்டது, நான் இடப் பக்கம் மரம் சாய்வது போலச் சாய்ந்தேன். முழங்கை தோல் உரிந்தது, இடுப்பில் நல்ல அடி. இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். நான் காலை இழுத்துக்கொண்டே இருக்கிறேன். அவர்தான் "கால இழுக்காத கண்ணு, செருப்ப மொதல்ல கழட்டு" என்றார். ஷூவின் பட்டையைப் பிரித்துக் காலை உருவிக்கொண்டேன். ஷூ மட்டும் பெடலில் தொங்கியது.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒரு ஸ்க்ரூடிரைவரால் பூட்டை நெம்பி ஷூவை விடுவித்தார். திருப்பிப் பார்த்தால் இரண்டு திருகாணியில் ஒன்று இல்லவே இல்லை. மற்றது கையாலே சுற்றியது. க்ளீட் இருந்த இடத்தைச் சுற்றி அடித்தோலில் அரைவட்டமாகப் புதிய கீறல், வெள்ளையாக. ஒரே திருகாணியில் க்ளீட் நின்றால் அது ஷூவோடு சேர்ந்து திரும்பாது, ஷூ மட்டும் அந்தத் திருகாணியை அச்சாக வைத்துச் சுற்றும், க்ளீட் நின்ற இடத்தில் நிற்கும். எவ்வளவு திருப்பினாலும் பூட்டு விடாது. கடையில் போய்க் கேட்டபோது "ஓட்ட ஓட்டத் தளரும் மேடம்" என்றார்கள். தளரும் என்று தெரிந்தவர்கள் கொடுக்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. சிக்னலில் எனக்குப் பின்னால் அன்று வண்டி எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இதைப் படித்துவிட்டு வாங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: க்ளீட்டை நீங்களே பொருத்துங்கள். 4 மில்லிமீட்டர் ஆலன் கீ ஒன்று போதும். திருகாணி மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் அது இருக்கும் கடையில் உங்கள் கண் முன்னால் இறுக்கச் சொல்லுங்கள். பெருவிரலின் அடிமூட்டுக்கு நேர் கீழே, அல்லது ஒரு நூல் பின்னால் க்ளீட் இருக்கட்டும். சரியான இடம் கிடைத்ததும் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். கோட்டிலிருந்து க்ளீட் நகர்ந்திருந்தால் தளர்கிறது என்று அர்த்தம். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள், அப்புறம் மாதம் ஒரு தடவை. நான் இப்போது வெள்ளிக்கிழமை இரவு டயருக்குக் காற்றடிக்கும்போதே ஷூவையும் கவிழ்த்துப் பார்த்துவிடுகிறேன்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? வேகம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம் போய்வரும் நேரம் எனக்கு அதிகம் மாறவில்லை. காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், இரட்டைப் பலம் என்றெல்லாம் சொல்வார்கள். என் கால்கள் கீழே அழுத்தித்தான் ஓட்டுகின்றன. கிடைத்தது வேறு. பாதம் வைத்த இடத்தில் இருக்கிறது. வேகத்தடை, பள்ளம், மழைக்குப் பிறகு மணல் அடித்துக்கிடக்கும் ஓரம், எதிலும் கால் எகிறுவதில்லை. முட்டுக்காடு பாலத்தில் கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது நான் சைக்கிளின் மேல் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றாது, அதற்குள் இருப்பது போல இருக்கும். அறுபது கிலோமீட்டருக்கு மேல் போனால் முன்பெல்லாம் வலது பாதம் தன்னை அறியாமல் வெளிப்பக்கம் சரிந்து முழங்காலில் ஒரு குத்தல் வரும். அது இப்போது இல்லை. நடுவில் இரண்டு வாரம் இடது முழங்கால் வலித்தது. க்ளீட்டின் கோணத்தைத் துளி மாற்றியதும், புது ஷூவின் அடிப்பாகத் தடிமனுக்கு ஏற்பச் சீட்டை ஒரு நூல் உயர்த்தியதும் போய்விட்டது. முழங்கால் வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் க்ளீட்டைப் பாருங்கள்.

குறை என்றால், கிளம்பும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டு மாதத்துக்குப் பிறகும் பத்துக்கு நான்கு தடவை தட்டைப் பக்கம்தான் காலுக்குக் கிடைக்கிறது. சிக்னலில் பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கும்போது அதைப் புரட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தட்டையிலேயே மிதித்துச் சாலையைக் கடந்துவிட்டு அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் பூட்டு வேண்டுமென்றால் இதே நிறுவனத்தின் எம் 520 இருக்கிறது. நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது வசதி. எனக்கு வேண்டாம். செவ்வாய், வியாழன் மாலைகளில் இதே சைக்கிளில் செருப்புப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறேன், என் பெண்ணை டியூஷனில் விட்டு வருகிறேன். நெரிசலான ஊருக்குள் மட்டுமே ஓட்டுகிறவர் என்றால் பூட்டே தேவையில்லை, முளை வைத்த நல்ல தட்டைப் பெடல் போதும்.

வருகிற பருவத்தில் 200 கிலோமீட்டர் ப்ரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம், ஓட்டலாம் என்றிருக்கிறேன், 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தூரம் கூடினால் கால் சோர்ந்து தானாகக் கழன்றுவிடப் போகிறது, இறுக்கத்தை இரண்டு கட்டம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சார் போன வாரம் சொன்னார். ஆலன் கீயை எடுத்து ஒரு கட்டம் மட்டும் ஏற்றினேன். பார்க்கிங் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலுக்கு ஐம்பது தடவை, மறுபடி தொடங்கியிருக்கிறேன்.