அங்கேயே வார்ப்பதா, வார்த்துக் கொண்டுவருவதா? தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கு ஓர் அடுக்குக் கார் பார்க்

மலேசியாவின் பேராக்கில் உள்ள தெலுக் இந்தானில் கட்டடம் என்று வாயெடுத்தாலே சாய்ந்த கோபுரம் கண்முன் வந்து நிற்கும். 1885-இல் தண்ணீர்த் தொட்டியைத் தாங்குவதற்காகக் கட்டியது. வெளியே எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். அடியில் இளகிய மண், மேலே தண்ணீரின் பாரம். ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அதே மண்ணில் நாலைந்து மாடிக்குக் காரை அடுக்குவதென்றால் பேச்சை மண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதை நான் யோசிக்கக் காரணம் என் அக்கா. வாரம் மூன்று முறை அவருக்கு டயாலிசிஸ். ஊத்தான் மெலிந்தாங், ஜெண்டராத்தா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் வயதானவர்களை மகனோ மருமகனோதான் காரில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பஸ்ஸை நம்பி நேரத்துக்கு வர முடியாது. ஆக, இப்படிப்பட்ட ஊரின் ஆஸ்பத்திரிக்குக் கார் நிறுத்துமிடமும் சிகிச்சையின் ஒரு பகுதி. அடுக்காகக் கட்டும் நாள் வந்தால் எந்த முறையில் கட்டுவது? இருபது வருடம் சைட்டில் சூப்பர்வைசராக நின்றவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

வழிகள் மூன்று. பலகை அடித்து, கம்பி கட்டி, அங்கேயே கான்கிரீட் ஊற்றுவது ஒன்று. தொழிற்சாலையில் வார்த்த தூண், உத்திரம், தளத் துண்டுகளை லாரியில் கொண்டுவந்து கிரேனால் ஏற்றிப் பொருத்தும் ப்ரீகாஸ்ட் இன்னொன்று. மூன்றாவது இரும்புச் சட்டகம்.

இரும்பை முதலில் முடித்துவிடலாம். எடை குறைவு, வேகமாக எழும்பும், இளகிய மண்ணுக்கு நல்லது. ஆனால் நம் ஈரக் காற்றில் துத்தநாகப் பூச்சும் பெயின்ட்டும் இல்லாமல் நிற்காது. தீ இன்னும் பெரிய கவலை. 2023 அக்டோபரில் லண்டனுக்கு வடக்கே லூட்டன் விமான நிலையத்தின் இரும்புச் சட்டக் கார் பார்க் எரிந்து ஒரு பகுதி சரிந்தது. தீ பிடித்தால் தண்ணீரைத் தெளிக்கும் தெளிப்பான்கள் அதில் இல்லை. கான்கிரீட்டும் தப்பவில்லை. 2017-ஆம் ஆண்டின் கடைசி நாளில் லிவர்பூலில் தீப்பிடித்த கான்கிரீட் கார் பார்க்கைப் பிறகு இடித்தே விட்டார்கள். எதில் கட்டினாலும் தெளிப்பான் வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் படுக்கையோடு நோயாளிகள் இருக்கும்போது, இரும்பை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மீதி இரண்டும்தான் உண்மையான போட்டி.

அங்கேயே வார்ப்பதை எந்தக் காண்ட்ராக்டரும் செய்வார். ஆள் கிடைக்கும், பழகிய வேலை, தூணும் தளமும் ஒரே உடம்பாக இறுகும். மனை கோணலாக இருந்தாலும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். குறை நாட்களில்தான். ஒரு தளத்தை ஊற்றினால் முட்டுக்கம்புகளை உடனே எடுக்க முடியாது, அது வரைக்கும் கீழ்த் தளம் காடு போல அடைந்து கிடக்கும். சாயங்கால மழை வந்தால் ஊற்றும் வேலை நிற்கும். நான் பார்த்த வரையில் மாடிக்கு மூன்று நான்கு வாரம். அத்தனை நாளும் ரம்பச் சத்தம், பம்ப் சத்தம், கலவை லாரி வரிசை.

ஆஸ்பத்திரி என்பதால் இதில் சத்தத்தைவிடத் தூசிதான் எனக்குப் பயம். தோண்டும்போதும் இடிக்கும்போதும் எழும் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் மிதக்கும். நம்மைப் போன்றவர்களை அது ஒன்றும் செய்யாது. புற்றுநோய் மருந்து ஏற்றுபவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர் என எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்த முறையிலும் மண்வேலைத் தூசி உண்டு. அதன் பிறகு பலகையும் கம்பியும் அறுத்து எழும் தூசியும், சைட் திறந்து கிடக்கும் மாதங்களும் ப்ரீகாஸ்ட்டில் குறைவு. வார்ப்பது வேறு ஊரில் நடக்கிறது. இங்கே நடப்பது பொருத்துவது மட்டும்.

கார் பார்க்கின் அளவே ப்ரீகாஸ்ட்டுக்கு ஒத்துவருகிறது. ஒரு காருக்கு ஐந்து மீட்டர், நடுவில் ஓடுபாதை ஆறு மீட்டர், எதிரே இன்னொரு ஐந்து. மொத்தம் பதினாறு. இரட்டை டீ என்பது இரண்டு T எழுத்தை ஒட்டவைத்தது போன்ற, உள்ளே கம்பியை முன்பே இழுத்து இறுக்கி வார்த்த தளத் துண்டு. அது இந்த அகலத்தை நடுவில் தூண் இல்லாமலே கடந்துவிடும். பின்னால் எடுக்கும்போது தூணில் இடிக்கும் கவலை போகும். சக்கர நாற்காலியை இறக்கவும் இடம் கிடைக்கும். அங்கேயே வார்க்கும் முறையிலும், கான்கிரீட் இறுகிய பிறகு கம்பியை இழுத்து இறுக்கினால் இது முடியும், அதற்குத் தனி நிபுணர் வேண்டும்.

ப்ரீகாஸ்ட் நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1960-களில் கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடிகளையும் பினாங்கு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளையும் இந்த வழியில்தான் எழுப்பினார்கள். 2008-இல் வந்த நிதியமைச்சின் சுற்றறிக்கைப்படி, பத்து மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட அரசாங்கக் கட்டடங்களுக்கு ஐபிஎஸ் மதிப்பெண், அதாவது தொழிற்சாலை முறையில் எவ்வளவு கட்டுகிறோம் என்பதற்கான மதிப்பெண், 70-க்குக் குறையக் கூடாது. தரப்படுத்திய அச்சுப் பலகைக்கும் அதில் மதிப்பெண் உண்டு. அதனால் அந்த விதி மட்டுமே நம்மை ப்ரீகாஸ்ட்டுக்குத் தள்ளாது.

இதன் பலவீனம் இணைப்பில் இருக்கிறது. 1968-இல் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை பெயர, அதன்மேல் தங்கியிருந்த மூலை முழுக்க அடுக்கடுக்காகச் சரிந்தது. நால்வர் இறந்தார்கள். துண்டுகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைக்க வேண்டும் என்ற கண்டிப்பு அதற்குப் பிறகுதான் வலுத்தது. பொருத்திக்கொண்டிருக்கும் காலத்தில், இணைப்பில் கலவை நிரம்பி இறுகும் வரை, சட்டகம் இன்னும் பலவீனமாக இருக்கும். அப்போது தற்காலிகத் தாங்கல்களை அவசரத்தில் கழற்ற விடக் கூடாது.

பிறகு தண்ணீர். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் நின்ற ஒரு கார் பார்க்கில், துண்டுகளுக்கு இடையிலான இடுக்கை அடைக்கும் இணைப்புப் பசையை மலிவில் முடித்தார்கள். மூன்றாம் வருடமே மழைநீர் இறங்கி, சுண்ணாம்பு கார்களின் மேல் சொட்டிப் பெயின்ட்டை அரித்தது. வண்டிக்காரர்கள் எங்களிடம்தான் வந்து சத்தம் போட்டார்கள். வடிகாலை நோக்கித் தளத்துக்குச் சரிவு வைக்காததும் அங்கே பெரிய தவறு. அந்தப் பசை கட்டடத்தின் ஆயுளுக்கு வராது. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று வழி. பதினாறு மீட்டர் துண்டு ஒன்று பத்து டன்னைத் தாண்டும். பீடோரிலிருந்து வரும் சாலையில் செம்பனைக் குலை லாரிகளோடு இவையும் சேரும். ஆம்புலன்ஸ் வழிக்கு மேலே கிரேன் கை சுழலக் கூடாது என்றால், கிரேன் நிற்கும் இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்க வேண்டும். கட்டடம் சின்னதென்றால் அச்சுச் செலவும் எடுபடாது. நூறு, நூற்றைம்பது கார் மட்டும் என்றால் அங்கேயே வார்ப்பதைத்தான் சொல்வேன். ஐந்நூறு என்றால், ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும்போது, ப்ரீகாஸ்ட் தன் செலவை மீட்டுவிடும்.

இனி மண். எந்த முறையானாலும் பைல், அதாவது ஆழத்தில் இறங்கும் அடித்தளத் தூண், இறக்காமல் இங்கே வேலை இல்லை. சுத்தியலால் அடித்தால் வார்டு முழுக்க அதிரும். ஹைட்ராலிக்கால் அமுக்கி இறக்கும் முறையில் அந்த அதிர்வு இல்லை. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், செலவு கூடினாலும் சரி. அங்கங்கே மண் கொஞ்சம் இறங்கினால், எளிதாகத் தாங்கி வைத்த ப்ரீகாஸ்ட் துண்டுகள் அதிக அழுத்தம் ஏறாமல் நகர்ந்துகொடுக்கும். ஒரே உடம்பான கட்டடம் விரிசல் காட்டும். ஆனால் ப்ரீகாஸ்ட் துண்டு நகரும்போது இணைப்பு விரியும், தண்ணீர் இறங்கும். பழைய பிரச்சினைக்கே வந்து நிற்கிறோம்.

ஆக, என் தேர்வு ஐந்நூறு கார் அளவுக்கு ப்ரீகாஸ்ட். டெண்டரில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: அமுக்கி இறக்கும் பைல், தளத்துக்கு வடிகால் சரிவு, பத்து வருடத்துக்கு இணைப்புப் பசை பராமரிப்பு. மூன்றாவது வரியைத்தான் செலவு குறைக்கும்போது முதலில் வெட்டுவார்கள்.